சொத்தின் குரலும் மனிதரின் குரலும்
பாலியற் கேளிக்கை நிலையங்களும் நகர வலயமாக்கலும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1986ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம், 25ஆம் திகதிகளில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்து இரு முடிவுகளை வெளியிட்டது. பாலியல் வெளியீடுகளாலே தமக்குத் தீங்கு நேர்ந்ததென்று நிறுவும் பெண்கள் வழக்கிட்டு இழப்பீடு பெறலாம் என இந்தியானாபொலிஸ் நகரசபை ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியிருந்தது. அது செல்லாதெனக் கீழ் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை, காரணம் எதுவுங் கூறாது உறுதிசெய்தது முதல்நாள் முடிவு. பாலியற் படங்களைக் காட்டும் அரங்குகள் குடியிருப்புகளுக்கும் தேவாலயங்களுக்கும் பூங்காக்களுக்கும் பாடசாலைகளுக்கும் 1000 அடிக்குள் அமைதலாகாது என ரென்ரன் என்னும் சிறு நகரத்தின் சபை இயற்றிய கட்டளைச் சட்டம் செல்லும் என்றது மறுநாள் முடிவு. இரண்டும் ஒரே பொருள் பற்றியவை. இரண்டும் உள்ளூராட்சிச் சபைகள் இயற்றியவை. ஒன்று பெண்ணுக்கு நேரும் தீங்கைப் பற்றிப் பேசியது. மற்றையது அயலுக்கு நேரும் தீங்கைப் பற்றிப் பேசியது. அயலின் முறைப்பாடு வென்றது. பெண்ணின் முறைப்பாடு தோற்றது. இவ்விரு நாட்களுக்குமிடையே கிடக்கும் முரண்பாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது ஆய்வேடுகளில் இத்தகைய பொருள் இடம்பெறுதல் அரிது. ஆபாசத்தைப் பற்றி எழுதுவதே ஆபாசம் எனக் கருதும் மனப்பாங்கு இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் ஈண்டு ஆராயப்படுவது ஆபாசமன்று. நகரம் யாருக்குரியது என்னும் வினாவே. சட்டங்களும் தீர்ப்புகளும் மொழியாலானவை. அவற்றுக்கும் எழுவாயும் செயப்படுபொருளும் உள, உவமைகளும் உள, பேசப்பெறும் மாந்தரும் பேசாதொழியும் மாந்தரும் உளர். இலக்கியப் பனுவலொன்றை நோக்குமாறு அவற்றையும் நோக்குதல் தகும்.

வலயமாக்கல் என்பது நகர நிலத்தைக் கூறுபடுத்தி, எக்கூற்றில் எத்தொழில் நிகழலாம், எது நிகழலாகாது என விதிக்கும் முறையாகும். ஒகாயோ மாநிலத்து யூக்கிளிட் என்னும் சிற்றூர் பற்றிய வழக்கில், 1926இல், இம்முறை அமெரிக்க அரசியலமைப்புக்கு இயைந்ததென்று முடிவாயிற்று. அத்தீர்ப்பை எழுதிய நீதியரசர் சதர்லன்ட், பொருந்தாத இடத்தில் அமைந்த பொருளை, பட்டியில் நிற்கவேண்டிய பன்றி வரவேற்பறையில் நிற்பதற்கு ஒப்பிட்டார். பலராலும் எடுத்தாளப்படும் உவமை அது. தனிவீடுகள் நிறைந்த பகுதியிலே தோன்றும் தொடர்மாடிக் குடியிருப்பை ஏறக்குறைய ஓர் ஒட்டுண்ணியாகவே அவர் காட்டினார் என்பதை எடுத்துரைப்போர் குறைவு. தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவர் யார், தனிவீட்டுக்கு உடைமையாளர் யார் என எண்ணிப் பார்த்தால், வலயமாக்கலின் வர்க்கச் சார்பு அதன் பிறப்பிலேயே வெளிப்படுவதைக் காணலாம்.

பாலியற் கேளிக்கை நிலையங்கள் இம்முறைக்குள் வந்து சேர்ந்த வரலாறு டெற்ரோயிற் நகரிலே தொடங்குகிறது எனலாம். அந்நகரசபை 1962இல் ஒரு கட்டளைச் சட்டத்தை இயற்றியது. வறியோரும் வேலையற்றோரும் குடியில் வீழ்ந்தோரும் ஒதுங்கும் தெருக்கள் உருவாகாமற் காத்தல் அதன் குறிக்கோள்; அதன் வழக்குப் பெயரே அத்தெருக்களுக்கு எதிரான சட்டம் என்பதாகும். அவ்வாறான தெருவை உருவாக்குவன எனக் கருதப்பட்ட தொழில்களை அது பட்டியலிட்டது. மதுச்சாலைகள், ஒருவகைக் களியாட்ட விடுதிகள், உணவுக்கும் உறக்கத்துக்குமான தங்குமிடங்கள், அடைவு கடைகள், பில்லியட் ஆட்டக் கூடங்கள், வறியோர் தங்கும் விடுதிகள், பழைய பொருட் கடைகள், சப்பாத்து மினுக்கும் கடைகள், கூலிபெற்று வாடிக்கையாளருடன் ஆடும் பெண்கள் உள்ள நடனக் கூடங்கள் ஆகியன அப்பட்டியலிலே இடம்பெற்றன. 1972 நவம்பரில் இதே பட்டியலிற் பாலியற் படங்காட்டும் அரங்குகளும் பாலியல் நூல் விற்கும் கடைகளும் சேர்க்கப்பட்டன. இப்பட்டியலில் உள்ள வேறெவையேனும் இரண்டிற்கு 1000 அடிக்குள்ளோ, குடியிருப்புப் பகுதிக்கு 500 அடிக்குள்ளோ அவை அமைதலாகாது என விதிக்கப்பட்டது.

இப்பட்டியலைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சப்பாத்து மினுக்குபவன் செய்த குற்றம் யாது? அடைவு வைக்கச் செல்பவள் செய்த ஒழுக்கக்கேடு யாது? பழைய உடுப்பை வாங்கி உடுத்துவதால் எவருடைய கற்பு கெடும்? இத்தொழில்களை ஒன்றிணைப்பது பாலியலன்று, வறுமையே. வறியோர் தம் கையிலுள்ள சில சதங்களைச் செலவிடும் இடங்களும், அச்சதங்களைத் தேடிக்கொள்ளும் இடங்களுமே இவை. பாலியல் அரங்கு பத்தாண்டுகளின் பின் வந்து சேர்ந்த விருந்தாளி மாத்திரமே. இன்று வலயமாக்கற் சட்டங்களை ஒழுக்கப் பாதுகாப்பு எனப் போற்றுவோரும், ஒழுக்கத்தின் பெயரால் எழுந்த அடக்குமுறை என இகழ்வோரும் இவ்வரிசைக் கிரமத்தைக் கருத்திற் கொள்வதில்லை. ஒழுக்கம் பின்னரே வந்தது. வறியோரை ஓரிடத்தில் கூடவிடாது சிதறடிக்கும் விருப்பமே முந்தியது.

இச்சட்டத்தை எதிர்த்து வழக்கிட்ட அரங்குகள் இரண்டு. ஒன்று ஏற்கெனவே இயங்கிவந்த அரங்கு. 1973 மார்ச்சில் பாலியற் படங்களைக் காட்டத் தொடங்கியது. மற்றையது தெருமுனைப் பெற்றோல் நிரப்பு நிலையமாக இருந்து சிறு படமாளிகையாக மாற்றப்பட்டது. மோட்டார் வாகனத் தொழிலின் தலைநகரிலே பெற்றோல் நிலையம் பாலியற் படமாளிகையாக மாறிய இச்செய்தி, தீர்ப்பிலே ஒரு வாக்கியமாக வந்து மறைகிறது. 1967ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் வெள்ளையரும் மூலதனமும் அந்நகரை விட்டு விரைந்து வெளியேறிய சூழலை அறிந்தவர்க்கு அவ்வொரு வாக்கியம் பல செய்திகளைக் கூறும். ஆனால் நகரம் ஏன் தேய்ந்தது என்ற வினாவை நீதிமன்றம் எழுப்பவில்லை. தேய்வின் விளைவாக வந்த அரங்கையே தேய்வின் காரணமாக அது கண்டது.

1976 யூன் மாதத்தில் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் டெற்ரோயிற் வென்றது. பாலியற் காட்சியைக் காணும் உரிமையைக் காப்பதற்காகத் தம் மைந்தரையும் மகளிரையும் போருக்கு அனுப்பச் சித்தமாயிருப்போர் நம்மிற் சிலரே என்ற கருத்தை நீதியரசர் ஸ்டீவன்ஸ் அதிலே எழுதினார். ஐவரில் நால்வரே இப்பகுதிக்கு உடன்பட்டனர். சொல்லாட்சி என்ற வகையில் இது வலிமை வாய்ந்தது. ஆயினும் மகள் என்பவள் இங்கு போருக்குச் செல்பவளாக மாத்திரம் தோன்றுகிறாள். திரையிலே தோன்றுபவளும் எவரோ ஒருவரின் மகளே என்ற எண்ணம் தீர்ப்பினுள் நுழையவில்லை.

ரென்ரன் வழக்கு இச்சிந்தனையை முழுமைப்படுத்திற்று. சியாற்றில் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 32,000 மக்கள் வாழ்ந்த ஊர் அது. 1981இற் சட்டம் இயற்றப்பட்டபோது அங்கு பாலியல் அரங்கு ஒன்றுகூட இருக்கவில்லை! சியாற்றில் நகரின் அனுபவத்தைக் காட்டியே ரென்ரன் சட்டம் இயற்றியது. பிறநகரின் அனுபவத்தில் அவ்வாறு தங்கியிருத்தல் போதுமானதென நீதியரசர் றென்குவிஸ்ற் எழுதிய தீர்ப்புக் கூறிற்று. சட்டத்தின் நோக்கம் படங்களின் உள்ளடக்கமன்று, சூழலில் அவை ஏற்படுத்தும் இரண்டாந்தர விளைவுகளே என்பது அத்தீர்ப்பின் மையக் கருத்து. குற்றச்செயல்களைத் தடுத்தல், சில்லறை வணிகத்தைக் காத்தல், சொத்துப் பெறுமதியைப் பேணுதல், குடியிருப்புகளின் தரத்தைப் பேணுதல் என்பவை அவ்விளைவுகளோடு தொடர்புடைய நோக்கங்களாகக் காட்டப்பட்டன.

இரண்டாந்தர விளைவு என்னும் இத்தொடரே நமது கவனத்துக்குரியது. இரண்டாந்தரம் ஒன்று உண்டெனின் முதற்றரம் ஒன்றும் இருத்தல் வேண்டும். முதற்றர விளைவு யாது? படத்தைப் பார்ப்பவன் மனத்தில் நிகழ்வது எனச் சட்டவியலார் விடையளிப்பர். அது பேச்சுரிமையின் காவலுக்குள் வருவதாதலால் அரசு அதனைத் தீண்டலாகாது என்பர். அவ்விடையிலும் ஒரு வெற்றிடம் உளது. படத்திலே நடித்தவள், மேடையிலே ஆடுபவள், வாயிலிற் சீட்டு விற்பவன், இரவிலே தரையைக் கழுவுபவன் ஆகியோர்க்கு நிகழ்வது எத்தர விளைவு? முதற்றரத்திலும் அவர்கள் இல்லை, இரண்டாந்தரத்திலும் இல்லை. அரங்கின் சுவருக்கு வெளியே 1000 அடி வரை அளக்கும் நாடா, சுவருக்கு உள்ளே ஓர் அடியும் அளப்பதில்லை.

ரென்ரனிலே அரங்குகளுக்கென எஞ்சியிருந்த நிலம் 520 ஏக்கர். நகர நிலத்தில் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று அதிகம். அதிற் பெரும்பகுதி வேறு நிறுவனங்களின் வசமுள்ளது, விற்பனைக்கோ குத்தகைக்கோ கிடைப்பதில்லை என அரங்குகளின் உடைமையாளர் முறையிட்டனர். நிலச் சந்தையிலே ஏனையோரைப் போன்று அவர்களும் தம் வழியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான் என விடை கிடைத்தது. சந்தையிற் போட்டியிடச் சொல்லும் அதே தீர்ப்புத்தான், அயலவரின் சொத்துப் பெறுமதியைச் சந்தையிலிருந்து காக்கவும் முற்பட்டது.

இனி, முதல்நாள் முடிவுக்கு மீள்வோம். அதன் தோற்றுவாயும் வலயமாக்கலே என்பது பலர் அறியாதது. மினியாப்பொலிஸ் நகரத்தின் முன்னைய வலய விதியொன்று நீதிமன்றத்தில் வீழ்ந்தபின், 1983இல் அந்நகரசபை புதிய விதியொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகச் சட்டப் பீடத்திலே அவ்வேளை ஒருங்கே கற்பித்துக்கொண்டிருந்த கதரின் மக்கின்னனும் அன்ட்ரியா டுவொர்க்கினும், அப்பகுதி மக்களின் வேண்டுகோளின்பேரில் வலயமாக்கற் குழுவின் முன் சென்றனர். ஆதரவு தருவர் என எதிர்பார்க்கப்பட்ட அவர்கள் வலயமாக்கலையே எதிர்த்தனர். பெண்ணைச் சுரண்டுவதை அது நிறுத்துவதில்லை. எவ்வூரில் சுரண்டலாம் எனத் தீர்மானிக்கிறது. அவ்வூர் எப்போதும் வறியோர் வாழும் ஊராகவே அமைகிறது என்பது அவர்களின் வாதம். மாற்றாக அவர்கள் வரைந்த கட்டளைச் சட்டம் பாலியல் வெளியீட்டைப் பெண்களின் சமவுரிமைக்கு எதிரான செயலாக வரையறுத்து, பாதிக்கப்பட்டோர் வழக்கிட வழிசெய்தது. டிசம்பரில் நடைபெற்ற விசாரணைகளிலே பெண்கள் பலர் தமக்கு நேர்ந்தவற்றைப் பகிரங்கமாகக் கூறினர். டிசம்பர் 30ஆம் திகதி நகரசபை சட்டத்தை நிறைவேற்றியது; சில நாட்களில் நகர முதல்வர் அதனை நிராகரித்தார். பின்னர் 1984இல் இந்தியானாபொலிஸ் அதன் ஒரு வடிவத்தை ஏற்றது.

அங்கு அதனை ஏற்றோர் பெரிதும் பழைமைவாதிகள் என்பதையும், பெண்ணிலைவாதிகள் பலர் அச்சட்டம் தணிக்கைக்கு வழிவகுக்கும் என அஞ்சி அதனை எதிர்த்தனர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. அரசின் கையிலே தணிக்கைக் கோலைக் கொடுத்தால் அது முதலில் யார் முதுகில் விழும் என்பதை முற்போக்கு இயக்கங்கள் தம் அனுபவத்தால் நன்கறியும். எனவே இச்சட்டம் நிலைத்திருக்க வேண்டும் என நான் வாதிடவில்லை. அது வீழ்த்தப்பட்ட முறையே நோக்கற்பாலது. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் எழுதிய நீதிபதி ஈஸ்ரர்புறூக், பெண்ணைத் தாழ்த்திக் காட்டும் சித்திரிப்புகள் பெண்ணின் தாழ்நிலையை நிலைபெறச் செய்கின்றன என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டார். ஆயின் அத்தீங்கு, பேச்சு என்ற வகையில் அவ்வெளியீடுகளுக்குள்ள ஆற்றலையே காட்டுகிறது. ஆதலால் அவை காக்கப்படல் வேண்டும் என்று முடித்தார்.

இரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசிப்போருக்கு எழும் வினா தவிர்க்க முடியாதது. பேச்சினால் பெண்ணுக்குத் தீங்கு நேருமெனில் அத்தீங்கு பேச்சின் வலிமைக்குச் சான்று. அதே பேச்சினால் அடுத்த வீட்டின் விலை குறையுமெனில் அது ஒழுங்குபடுத்தலுக்குத் தக்க காரணம். ஒரு சட்டம் முற்றாகத் தடுத்தது, மற்றையது இடத்தை மாத்திரம் மாற்றியது. ஆகவே இரண்டையும் ஒப்பிடலாகாது என்பர். இவ்வேறுபாடு மெய்யானதே. மறுநாள் தீர்ப்பை எழுதிய றென்குவிஸ்ற் உட்பட மூன்று நீதியரசர்கள் இந்தியானாபொலிஸ் வழக்கின் வாதத்தைக் கேட்க விரும்பினர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும். ஆயினும் தனித்தனி நீதியரசரின் மனச்சான்று பற்றியதன்று நமது வினா. சொத்துடைமையின் இழப்பை அளக்க அச்சட்ட முறைமையிடம் ஆயத்தமான அளவுகோல் இருந்தது. உடலின் இழப்பை அளக்க அது தயங்கியது. அடித்தளத்தில் உடைமையுறவுகளைப் பேணுவதற்கென எழுந்த சட்டவியலிலிருந்து வேறெதனை எதிர்பார்க்கலாம் என்று கேட்போர் உளர். எனினும் பொதுக் கோட்பாட்டைக் கூறி அமைவதிலும், அது குறித்த ஒரு வாரத்தில் குறித்த இரு முடிவுகளில் எவ்வாறு தொழிற்பட்டது என்பதைக் காட்டுதலே பயனுடையது என எண்ணுகிறேன்.

சிதறடித்தலுக்கு மாறான வழியைப் பொஸ்ரன் நகரம் 1974இல் மேற்கொண்டது. அரசாங்க அலுவலகங்களுக்காகப் பழைய களியாட்டப் பகுதி இடிக்கப்பட்டபின் அத்தொழில்கள் வாஷிங்டன் தெருவின் கீழ்ப்பகுதியில் வந்து குவிந்திருந்தன. நகரம் அவ்விடத்தையே அவற்றுக்குரிய வலயமாக வரைந்தது. அதன் அயலில் இருந்தது சீனக் குடியேற்றத் தொழிலாளரின் குடியிருப்பு. அங்கும் பிள்ளைகள் இருந்தனர், பாடசாலைக்குச் சென்றனர். ஏனைய பகுதிகளைக் காத்த கோடு அவர்களைக் காக்கவில்லை.

இவ்வளவும் சட்டம் பேசியவை. அரங்குகளுக்குள் இருந்தோர் பக்கமிருந்து எழுந்த நூலொன்றை இனிக் கருதலாம். ஹாலெமிலே பிறந்த கறுப்பின எழுத்தாளரும் அறிவியற் புனைகதையாளருமான சாமுவேல் டிலேனி 1999இல் வெளியிட்ட ‘ரைம்ஸ் ஸ்குவெயர் றெட், ரைம்ஸ் ஸ்குவெயர் புளூ’ என்னும் நூல் அது. நியூயோர்க் நகரின் 42ஆம் தெருவையும் அதனைச் சூழ்ந்த பாலியல் அரங்குகளையும் பற்றி, ஒன்று நினைவுக் குறிப்பாகவும் மற்றொன்று கோட்பாட்டு ஆய்வாகவும் அமைந்த இரு கட்டுரைகளைக் கொண்டது. அத்தெருவிலிருந்த அரங்குகளிற் பெரும்பாலானவற்றை மாநில அரசு 1990இல் தன் உடைமையாக்கியது. 1995 ஒக்ரோபரில் நகரசபை நிறைவேற்றிய வலய விதி, இத்தகைய நிலையங்களைக் குடியிருப்பு வலயங்களிலிருந்தும் பாடசாலை, வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்தும், ஒன்றையொன்றிலிருந்தும் 500 அடி விலக்கியது. புதுப்பிக்கப்பட்ட நியூ அம்ஸ்ரடாம் அரங்கை 1997இல் டிஸ்னி நிறுவனம் திறந்தது.

டிலேனியின் முதற் கட்டுரை 42ஆம் தெருவின் மருங்கிலே சப்பாத்து மினுக்கும் ஒரு தொழிலாளியோடு தொடங்குகிறது. டெற்ரோயிற் பட்டியலை வாசித்தவர்க்கு இது தற்செயலாகத் தோன்றாது. சட்டம் அகற்ற விரும்பிய மனிதனை நூலாசிரியர் முதற் பக்கத்திலேயே நிறுத்திவைக்கிறார். அவன் பெயர், பேச்சு, அவன் பயன்படுத்தும் தூரிகைகள் ஆகியன வாசகர்க்கு அறிமுகமாகின்றன. அரங்குகளின் இருளிலே தாம் சந்தித்த பல இனத்தவரையும் பல வர்க்கத்தவரையும் பற்றி, கூச்சமோ பெருமிதமோ இன்றி அவர் எழுதிச் செல்கிறார். தற்பாலுறவினராகிய அவருக்கு அவ்வரங்குகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கமானவை. இரண்டாங் கட்டுரையில் மனிதர் ஒருவரையொருவர் அணுகும் இரு வகைகளை அவர் பிரித்துரைக்கிறார். கடை வரிசையிலோ தெருமுனையிலோ எதிர்பாராது நிகழும் சந்திப்பு ஒருவகை. அது வர்க்கங்களைக் கடந்து நிகழ்வது. ஒரே தொழிலினர், ஒரே தரத்தினர், நலன் கருதிக் கூடும் கூட்டங்களிலே நிகழ்வது மற்றொருவகை. பெருங்கூட்டுத்தாபனங்களின் நகரமைப்பு முதல்வகைச் சந்திப்புக்கான இடங்களை அழித்துவிட்டு, இரண்டாம்வகை அவற்றுக்கு ஈடாகும் என நடிக்கிறது என்பது அவர் கருத்து. நடைபாதையின் உயிர்ப்பைப் பற்றி ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதியவற்றோடு இது தொடர்புடையது. ஆனால் ஜேக்கப்ஸ் நுழையாத கதவுகளுக்குள் டிலேனி நுழைகிறார்.

நூலின் பெறுமானம் பெரிது. வலயமாக்கற் சட்டம் வெற்றிடம் விட்ட இடத்தில் இது மனிதரைக் கொணர்ந்து நிறுத்துகிறது. ஆயினும் எல்லா மனிதரையும் அன்று. அவ்வரங்குகளில் ஓடிய படங்கள் பெரும்பாலும் ஆண்-பெண் உறவைக் காட்டுவன. படங்களைப் பற்றி டிலேனி பேசாமலும் இல்லை. எனினும் திரைக்கு முன் இருந்த ஆண்களின் முகங்கள் துலங்குமளவிற்குத் திரையிலே தோன்றிய பெண்களின் உழைப்புத் துலங்கவில்லை. தம் பெண் நண்பரொருவரை அத்தகைய அரங்கொன்றுக்கு அழைத்துச் சென்றதை அவர் விவரிக்கிறார். நூலின் மிக நேர்மையான பகுதிகளில் அது ஒன்று. ஆயினும் அவ்விடத்தில் எழும் வினா தொடரப்படவில்லை. வர்க்கங்கடந்த அவ்வினிய சந்திப்பு, பார்ப்போராகிய ஆண்களிடையே நிகழ்ந்தது. பார்க்கப்படுவோர் அதில் சந்திக்கப்படவில்லை. நீதிமன்றத்தின் நாடா சுவருக்கு வெளியே நின்றது. டிலேனியின் பார்வை சுவருக்குள்ளே புகுந்து, திரைச்சீலையருகே நின்றுவிட்டது. மக்கின்னனும் டுவொர்க்கினும் திரைக்கு அப்பால் நோக்கினர். ஆனால் அங்கே அவர்கள் கண்டவள் பாதிக்கப்பட்டவள் மாத்திரமே. கூலிக்குப் பேரம் பேசும் தொழிலாளி அவர்கள் சட்டத்தில் இல்லை.

அத்தொழிலாளி தானே பேசிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோவிலே கண்ணாடிக்கு அப்பால் பெண்கள் ஆடும் ‘லஸ்ரி லேடி’ என்னும் நிலையத்தின் ஆடற்பெண்கள், ஒருபக்கம் மாத்திரமே ஊடுருவித் தெரியும் கண்ணாடிகளின் பின்னிருந்து வாடிக்கையாளர் தம்மை இரகசியமாகப் படம்பிடிப்பதையும், வேலைநேர ஒதுக்கீட்டில் நிறப்பாகுபாடு காட்டப்படுவதையும் எதிர்த்து 1996இல் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர். மறு ஆண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2003இல் நிலையத்தையே தொழிலாளர் விலைக்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்தினர். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றுகூட, அடிக்கணக்கில் அளக்கும் எந்த வலய விதியிலும் இடம்பெறக்கூடியதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. அவை கண்ணாடி, கூலி, நோய் விடுமுறை, நிறம் என்பன பற்றியவை. எந்த ஆலைத் தொழிலாளியும் உடனே விளங்கிக்கொள்ளக் கூடியவை.

நியூயோர்க்கிலோ சட்டமும் வணிகமும் வேறொரு நாடகத்தை ஆடின. கடையின் 40 வீதத்துக்குக் குறைவான பகுதியே பாலியற் பொருட்களுக்கெனில் விதி தாக்காது என்ற கணக்கு நடைமுறைக்கு வந்ததும், கடைக்காரர் எஞ்சிய 60 வீதத்தில் எவரும் வாங்காத குங்ஃபூப் படங்களை அடுக்கி வைத்தனர். இதனை முறியடிக்க நகரம் 2001இல் விதியைத் திருத்தியது. அத்திருத்தத்தை மாநிலத்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்க 2017 வரை சென்றது. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் பல நீதிமன்றங்கள் கடைத் தட்டுகளின் வீதாசாரத்தை ஆராய்ந்தன.

சான்பிரான்சிஸ்கோக் கூட்டுறவு நிலையம் 2013 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதனை மூடச் செய்தது வலய விதியன்று. தேவாலயமோ பாடசாலையோ முறையிடவுமில்லை. கட்டட உடைமையாளருடன் வாடகை பற்றி எழுந்த தகராற்றில் தொழிலாளர் தம் இடத்தை இழந்தனர்.